உலாவி, விளம்பரம், தனியுரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் போன்ற உலாவிகளில் நாம் எதைப் படிக்கிறோம், எதைத் தேடுகிறோம், எதை வாங்க யோசிக்கிறோம் என்பதை விளம்பரத் தொழில் எப்படித் தெரிந்துகொள்கிறது, அதைத் தடுக்க என்ன வழி என்று பலரும் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. உலாவியை நிறுவும்போதே அதில் வைக்கப்பட்டிருக்கும் அமைப்புதான் பெரும்பாலோருக்குக் கடைசிவரை இருக்கும் அமைப்பு. ஆகவே, அதை யார் வைத்தார், அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பல விடைகளில் திரும்ப வரும்.

இலக்கு விளம்பரம் என்றால் என்ன? வழக்கமான விளம்பரத்திலிருந்து அது எங்கே வேறுபடுகிறது?

சமையல் குறிப்புப் பக்கத்தில் மிக்ஸி விளம்பரம் வந்தால், அது அந்தப் பக்கத்தின் பொருளைப் பார்த்துப் போடப்பட்டது. அதே பக்கத்தைத் திறக்கும் உங்களுக்கு முழங்கால் வலித் தைலத்தின் விளம்பரமும், உங்கள் மகளுக்குப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தின் விளம்பரமும் வந்தால், அது ஆளைப் பார்த்துப் போடப்பட்டது. இந்த இரண்டாவது வகையையே இலக்கு விளம்பரம் என்கிறோம். ஆளைப் பார்த்து விளம்பரம் போட வேண்டுமானால் ஆளைப் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டும். திரையில் தெரியும் விளம்பரத்தைவிட, அதற்காகத் திரைக்குப் பின்னால் நடக்கும் இந்தத் தகவல் சேகரிப்பே தனியுரிமைச் சிக்கலின் வேர்.

ஒரு தளத்தில் பார்த்த பொருள் வேறொரு தளத்தில் எப்படித் துரத்தி வருகிறது?

பெரும்பாலும் குக்கீ என்ற சிறு குறிப்பின் வழியாகத்தான். ஒரு தளத்தின் சேவையகம், அதாவது அந்தத் தளத்தை நமக்கு அனுப்பும் கணினி, உங்கள் உலாவியிடம் கொடுத்து வைக்கும் சில வரிகளே குக்கீ. அதற்குள் ஒரு பெயர் இருக்கும். பெயருக்கு எதிரே எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட அடையாள எண் இருக்கும். எந்தத் தளத்துக்கு உரியது, எந்த நாளில் காலாவதியாகும் என்ற விவரங்களும் இருக்கும். அடுத்த முறை அதே சேவையகத்தைத் தொடர்புகொள்ளும்போது உலாவி அந்தக் குறிப்பைத் தானாகவே திருப்பிக் காட்டும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி இதை வடிவமைத்தார். அதுவரை ஒரு தளத்துக்கு வருபவர் புதியவரா, முன்பே வந்தவரா என்று அறியவே வழி இல்லை. கடைக் கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடையை நினைவில் வைத்திருக்கவும் வழி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் குக்கீ.

நீங்கள் திறக்கும் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதால்தான் சிக்கல் எழுகிறது. செய்தி ஒரு சேவையகத்திலிருந்தும், படம் இன்னொன்றிலிருந்தும், விளம்பரக் கட்டம் வேறொரு நிறுவனத்தின் சேவையகத்திலிருந்தும் வந்து சேரும். அந்த விளம்பர நிறுவனமும் உங்கள் உலாவியில் தன் குக்கீயை வைத்துவிடலாம். பிரஷர் குக்கர் விற்கும் தளத்திலும், நீங்கள் காலையில் படிக்கும் செய்தித் தளத்திலும், மருத்துவக் குறிப்புத் தளத்திலும் அதே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால், மூன்று இடத்திலும் ஒரே அடையாள எண் அதன் கைக்குப் போகிறது. நீங்கள் நேரில் ஒருபோதும் போகாத ஒரு நிறுவனத்திடம் உங்கள் வாசிப்பின் நாட்குறிப்பு சேர்கிறது. இதற்குத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்று பெயர்.

இந்த ஆபத்து பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். 1997 பிப்ரவரியில் மொன்டுல்லியும் டேவிட் கிறிஸ்டலும் எழுதி வெளியான முதல் குக்கீ தர ஆவணமே, பயனர் அறியாத இடங்களுக்கு இப்படிக் குக்கீ போவதை உலாவிகள் இயல்பாக, அதாவது பயனர் எதையும் மாற்றாத நிலையில், அனுமதிக்கக் கூடாது என்று சொன்னது. அன்றைய பெரிய உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. அதற்குள் அதன்மேல் ஒரு தொழிலே எழுந்துவிட்டது.

எல்லாக் குக்கீகளும் கெட்டவையா?

இல்லை. வங்கித் தளத்தில் நீங்கள் நுழைந்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பது குக்கீயால்தான். நீங்கள் நேரில் போகும் தளம் தனக்காக வைக்கும் குக்கீயைத் தடுத்தால் பல தளங்கள் வேலை செய்யாது. அதைத் தடுக்கத் தேவையும் இல்லை.

விளம்பர ஏலம் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

நீங்கள் ஒரு செய்தியைத் தொட்டதும் பக்கம் விரியத் தொடங்குகிறது. விளம்பரக் கட்டம் இன்னும் காலியாக இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில், அந்தக் கட்டம் ஏலத்துக்குப் போகிறது. ஏலச் சந்தைக்குப் போகும் கோரிக்கையில் நீங்கள் படிக்கும் பக்கத்தின் முகவரி, உங்கள் கருவியின் வகை, உலாவி, மொழி, உங்கள் இணைய இணைப்புக்கு உரிய எண்ணான ஐ.பி. முகவரி அல்லது அதிலிருந்து ஊகித்த ஊர், உங்களுக்கு இடப்பட்டிருக்கும் அடையாள எண் ஆகியவை இருக்கும். பல நிறுவனங்கள் அதைத் தங்கள் கோப்புகளோடு ஒப்பிட்டு, இந்த ஆளுக்கு இவ்வளவு தரலாம் என்று விலை சொல்கின்றன. அதிக விலை சொன்னவரின் விளம்பரம் உங்கள் திரையில் வருகிறது. கோரிக்கை கிளம்பி விடை வருவதற்குள் கழியும் நேரம் பெரும்பாலும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏலத்தில் வென்றவர் ஒருவர். ஆனால் கோரிக்கையைப் பார்த்தவர்கள் எல்லோரும். தோற்றவருக்கும் உங்கள் தகவல் கிடைத்துவிட்டது. அதை அவர் அழித்துவிட்டாரா, சேர்த்து வைத்தாரா என்று சரிபார்க்க உங்களுக்கு எந்த வழியும் இல்லை. 2018 செப்டம்பரில் அப்போது பிரேவ் நிறுவனத்தில் இருந்த ஜானி ரயன் உள்ளிட்டோர் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் கொடுத்த புகாரின் சாரம் இதுதான். குக்கீயைப் பற்றிய பேச்சில் இந்த ஏலம் மறைந்துபோவது எனக்கு வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் தகவல் கசியும் மிகப் பெரிய வாசல் இதுவே.

என்னிடம் மறைக்க ஒன்றுமில்லையே, எனக்கு என்ன பாதிப்பு?

மறைக்க ஒன்றுமில்லாதவருக்கும் நோய் வரும், கடன் வரும், வேலை தேடும் நிலை வரும். அமெரிக்காவில் மருந்து விலைச் சலுகை தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், பயனர்கள் பார்த்த மருந்துகள், நோய்கள் பற்றிய தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. இலக்கு என்பது சிலருக்குக் காட்டுவதோடு நிற்பதில்லை, சிலருக்குக் காட்டாமல் விடுவதும் அதில் அடங்கும். வீட்டு வாடகை, வீட்டு விற்பனை விளம்பரங்களை இனம் முதலானவற்றைப் பார்த்துக் காட்டவும் மறைக்கவும் ஃபேஸ்புக்கின் விளம்பர முறை இடம் கொடுத்தது என்று அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்து, 2022 ஜூனில் அது சமரசத்தில் முடிந்தது. உங்களுக்குக் காட்டப்படாத வீட்டைப் பற்றி நீங்கள் புகார்கூடச் செய்ய முடியாது, அப்படி ஒன்று இருந்ததே உங்களுக்குத் தெரியாது.

இதில் உலாவியின் பங்கு என்ன?

உலாவிதான் கதவு. குக்கீயை வாங்கி வைப்பதும், யாருக்குத் திருப்பிக் காட்டுவது என்று முடிவு செய்வதும் அதுதான். தொழில்நுட்ப ஆவணங்களில் உலாவியைப் பயனரின் முகவர் என்றே குறிப்பிடுவார்கள். நம் சார்பில் பேச வேண்டிய முகவர் யாரிடம் ஊதியம் வாங்குகிறார் என்பது அதனால்தான் முக்கியமாகிறது; எதிர்க்கட்சியிடமும் கட்டணம் வாங்கும் வக்கீலை யாரும் வைத்துக்கொள்ள மாட்டோம்.

ஆப்பிளின் சஃபாரி 2003இல் வந்தபோதே, நேரில் போகாத தளங்களின் குக்கீயை இயல்பாக ஏற்காத அமைப்போடு வந்தது. 2017இல் பின்தொடர்தலைக் கண்டறிந்து தடுக்கும் முறை அதில் சேர்ந்தது; 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீகள் முழுவதுமாகத் தடுக்கப்பட்டன. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரில், அறியப்பட்ட பின்தொடர் நிறுவனங்களின் குக்கீகளை எல்லோருக்கும் இயல்பாகத் தடுத்தது. 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டும் முறையையும் இயல்பாக்கியது. இந்த முறையில் விளம்பர நிறுவனம் குக்கீயை வைக்கலாம், ஆனால் செய்தித் தளத்தில் வைத்த எண்ணைக் குக்கர் விற்கும் தளத்தில் பார்க்க முடியாது. நாட்குறிப்பின் பக்கங்கள் ஒன்று சேரவே முடியாமல் போகின்றன.

கூகுள் கதை வேறு. விளம்பர நிறுவனமான டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கும் வேலையை அது முடித்தது 2008 மார்ச்சில். குரோம் உலாவியை வெளியிட்டது அதே ஆண்டு செப்டம்பரில். 2023இல் அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருவாய் 30,700 கோடி டாலருக்கு மேல். அதில் 23,700 கோடி டாலருக்கும் மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. 2012இல் சஃபாரியின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு குக்கீ வைத்த விவகாரத்தில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு கூகுள் 2.25 கோடி டாலர் அபராதம் கட்டியதும் பதிவில் இருக்கிறது.

குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்ததே, அது என்ன ஆயிற்று?

நிறுத்தவில்லை. ஆறு ஆண்டுகள் இழுத்த இந்த விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

2019 ஆகஸ்டில் 'பிரைவசி சாண்ட்பாக்ஸ்' என்ற திட்டத்தை கூகுள் அறிவித்தது. தனி ஆளைப் பின்தொடராமலேயே இலக்கு விளம்பரத்தைத் தொடர்வது அதன் நோக்கம். 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்றாம் தரப்புக் குக்கீகள் நிறுத்தப்படும் என்றார்கள். 2021 ஜூனில் அந்தக் கெடு 2023க்குப் போனது. 2022 ஜூலையில் 2024க்குப் போனது. 2024 ஜனவரியில் நூற்றில் ஒரு பயனருக்கு மட்டும் சோதனையாகத் தடுத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் கெடு 2025க்குத் தள்ளப்பட்டது. ஜூலையில், நிறுத்தப்போவதில்லை, பயனரையே கேட்டுத் தேர்ந்தெடுக்கச் செய்வோம் என்றார்கள். 2025 ஏப்ரலில், அப்படிக் கேட்கும் தனித் திரையும் வராது என்றார்கள். 2025 அக்டோபரில் பிரைவசி சாண்ட்பாக்ஸின் பெரும்பாலான கூறுகளையே கைவிடுவதாக அறிவித்தார்கள்.

இடையில் மாற்று வழிகள் சிலவற்றை முயன்றார்கள். 2021 மார்ச்சில் சோதனைக்கு வந்த 'ஃபிளாக்' என்ற முறை, ஒரே மாதிரி உலாவுபவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழு எண்ணைத் தளங்களுக்குச் சொல்வது. குழு எண்ணே ஆளை அடையாளம் காட்டும் இன்னொரு துப்பாகும் என்று இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் அறக்கட்டளையும் பிற உலாவி நிறுவனங்களும் எதிர்த்தன. 2022 ஜனவரியில் அதைக் கைவிட்டு 'டாப்பிக்ஸ்' என்ற முறையை முன்வைத்தார்கள். நீங்கள் போகும் தளங்களைப் பார்த்து, சில நூறு தலைப்புகள் கொண்ட பட்டியலிலிருந்து வாரத்துக்கு ஐந்து தலைப்புகளை உலாவியே கணக்கிட்டு, மூன்று வாரம் வைத்திருந்து, கேட்கும் விளம்பர நிறுவனங்களுக்குச் சொல்லும்படி அது அமைந்திருந்தது. முன்பிருந்ததைவிட இது மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நம் கையில் இருக்கும் கருவியே நம்மைக் கவனித்து விளம்பரதாரருக்குக் குறிப்பு எழுதித் தருவதை இயல்பு நிலையாக்கிய முறை அது.

தாமதத்துக்குக் கூகுளின் தயக்கம் மட்டும் காரணமில்லை. பிரிட்டனின் சந்தைப் போட்டி ஆணையம் 2021 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. மூன்றாம் தரப்புக் குக்கீகள் போய்விட்டால் சிறிய விளம்பர நிறுவனங்கள் கண்ணிழந்துபோகும்; தேடல், யூடியூப், ஆண்ட்ராய்டு ஆகியவற்றின் வழியாகத் தகவல் பெறும் கூகுளுக்கு எந்த இழப்பும் வராது என்பது அதன் கவலை. நியாயமான கவலைதான். 2025 ஏப்ரலில், விளம்பரத் தொழில்நுட்பச் சந்தையின் இரண்டு பிரிவுகளில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் செலுத்தியது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. விளம்பரச் சந்தையை நடத்துபவரே உலாவியையும் வைத்திருந்தால், அவர் குக்கீயைத் தடுத்தாலும் தவறாகத் தெரிகிறது, தடுக்காவிட்டாலும் தவறாகத் தெரிகிறது. உடைமை ஒரே கையில் இருப்பதுதான் இதில் மூலக் கோளாறு என்பது என் கருத்து.

அப்படியானால் சஃபாரியையும் ஃபயர்ஃபாக்ஸையும் முழுக்க நம்பலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சஃபாரியில் கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காக 2022இல் ஆப்பிளுக்குக் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியும் இதே மாதிரியான தேடல் ஒப்பந்தத்தால் கூகுளிடமிருந்து வருவதுதான்.

2024 ஜூனில் மொசில்லா அனானிம் என்ற விளம்பர அளவீட்டு நிறுவனத்தை வாங்கியது. ஜூலையில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 128ஆம் பதிப்பில், எந்த விளம்பரம் விற்பனைக்கு உதவியது என்பதை ஆளின் அடையாளம் வெளிப்படாமல் கணக்கிடும் சோதனை வசதி ஒன்று சேர்க்கப்பட்டது. அது பயனரைக் கேட்காமலேயே இயக்கப்பட்டிருந்தது. நோய்ப் என்ற ஐரோப்பியத் தனியுரிமை அமைப்பு செப்டம்பரில் ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுத்தது. அந்த வசதியின் தொழில்நுட்பம் கவனமாக வடிவமைக்கப்பட்ட ஒன்று. கூட்டுத்தொகையை மட்டுமே வெளியே தரும் முறை அது. ஆனாலும் பயனரை மதிப்பதாகச் சொல்லும் நிறுவனம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பலர் மறுப்பார்கள் என்பது கேட்காமல் இருப்பதற்குக் காரணமாக முடியாது.

மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) உலாவினால் யாருக்கும் தெரியாதா?

வீட்டில் அதே கணினியைப் பயன்படுத்தும் மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சாளரத்தை மூடியதும் வரலாறும் குக்கீயும் உங்கள் கருவியிலிருந்து நீங்கும். நீங்கள் போன தளத்துக்கும், அதில் உள்ள விளம்பர நிரலுக்கும், இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும், அலுவலக வலையமைப்பை நிர்வகிப்பவருக்கும் உங்கள் வருகை தெரிந்தே இருக்கும். மறைநிலையிலும் தகவல் சேகரித்ததாக கூகுள்மீது 2020 ஜூனில் தொடரப்பட்ட வழக்கின் சமரசம் 2024 ஏப்ரலில் நீதிமன்றத்துக்கு வந்தது. சேகரித்த பதிவுகளை அழிக்கவும், மறைநிலையில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை ஐந்து ஆண்டுகளுக்கு இயல்பாகத் தடுக்கவும் அதில் நிறுவனம் உடன்பட்டது.

குக்கீயைத் தடுத்துவிட்டால் போதுமா?

போதாது. உங்கள் திரையின் அளவு, நேர மண்டலம், நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு, வரைகலைச் சில்லு ஒரு படத்தைத் தீட்டும் விதத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், குக்கீ எதுவும் வைக்காமலேயே ஓர் உலாவியை மற்றவற்றிலிருந்து பிரித்து அறியலாம். இதை உலாவிக் கைரேகை என்பார்கள். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் அறக்கட்டளை 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்துப் பார்த்த ஏறக்குறைய 4,70,000 உலாவிகளில் 83.6 சதவீதம் தனித்த கைரேகை உடையவையாக இருந்தன. அது தானாக வந்து சோதித்துக்கொண்டவர்களின் கணக்கு என்பதால் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது.

குக்கீயை நீங்கள் அழிக்கலாம். கைரேகையை அழிக்க முடியாது. அடையாளத்தை மறைப்பதற்கென்றே உருவான டார் உலாவி தன் பயனர்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தெரியும்படி சாளர அளவைக்கூட ஒழுங்குபடுத்துகிறது. பிரேவ் சில மதிப்புகளைத் தளத்துக்குத் தளம் சற்று மாற்றிக் காட்டுகிறது. தன் விளம்பர வாடிக்கையாளர்கள் கைரேகை முறையைப் பயன்படுத்துவதற்கு இருந்த கட்டுப்பாட்டை 2025 பிப்ரவரியிலிருந்து தளர்த்தப்போவதாக கூகுள் அறிவித்தபோது, பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் வெளிப்படையாகவே கண்டித்தது.

விளம்பரத் தடுப்பு நீட்டிப்புகள் பாதுகாப்பானவையா?

நீட்டிப்பு என்பது உலாவியோடு நாம் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல். அவற்றில் நல்லவையும் உண்டு, பெயருக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு எதிராக நடந்தவையும் உண்டு. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குப் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், பின்தொடர்தலைத் தடுப்பதாகச் சொல்லி வழங்கிய நீட்டிப்புகள் வழியாகவும் மென்பொருள் வழியாகவும் பயனர்களின் உலாவல் வரலாற்றைச் சேர்த்து, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனத்தின் மூலம் விற்றது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்ட வைத்து, உலாவல் தகவலை விளம்பரத்துக்காக விற்கவும் தடை விதித்தது. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கும் அனுமதி நீட்டிப்புக்கு உண்டு என்பதால், யார் எழுதியது, மூலநிரல் வெளிப்படையாக இருக்கிறதா என்று பார்த்தே சேர்க்க வேண்டும். ஒன்று போதும், நாலைந்தைச் சேர்ப்பது பாதுகாப்பைக் கூட்டாது.

ரேமண்ட் ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்டிப்பு நெடுநாளாக நம்பிக்கை பெற்றது. ஆனால் நீட்டிப்புகளுக்கான விதிகளை குரோம் மாற்றியதால் அதன் முழு வடிவம் 2025இல் குரோமில் இயங்காமல் போனது; திறன் குறைந்த 'லைட்' வடிவமே இப்போது கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவம் இயங்குகிறது, ஆண்ட்ராய்டு போனில்கூட.

'எல்லாக் குக்கீகளையும் ஏற்கிறேன்' என்று கேட்கும் பட்டையில் என்ன செய்வது?

மறுக்கும் பொத்தான் இருந்தால் மறுத்துவிடுங்கள். செய்தியைப் படிக்கப் பெரும்பாலும் தடை வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் ஒப்புதல் கேட்டது. தொழில் அந்த ஒப்புதலைத் தொந்தரவாக மாற்றியது. ஏற்க ஒரே தொடுகை, மறுக்கப் பல தொடுகைகள் என்று வைத்ததற்காகவே பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. முன்பே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. நாள்தோறும் ஒவ்வொரு தளமும் ஒரே கேள்வியைக் கேட்பதைவிட, உலாவியில் ஒரு முறை சொன்னதைத் தளங்கள் கட்டாயம் மதிக்க வேண்டும் என்பதே சரியான தீர்வு. 2020இல் தொடங்கிய 'குளோபல் பிரைவசி கன்ட்ரோல்' என்ற குறிப்பு அப்படிப்பட்டது. கலிஃபோர்னியாவில் அதை மதிக்காதது உட்பட்ட குறைகளுக்காக, அழகுப் பொருள்கள் விற்கும் செஃபோரா நிறுவனம் 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் கட்டியது. இந்தியாவில் அதற்கு அந்தச் சட்ட வலு இல்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள்மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வருகின்றன. குக்கீ என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆனால் ஆளை அடையாளம் காட்டும் தரவு எதற்கும் அது பொருந்தும்.

இந்தச் சட்டத்தில் மூன்று விஷயங்கள் நமக்கு நேரடியாகப் பயன்படும். ஒப்புதல் கேட்கும் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். ஆகவே தமிழில் கேட்பது நம் உரிமை. ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதற்கு நிகராக எளிதாக இருக்க வேண்டும். 18 வயது நிறையாதவர்களைப் பின்தொடர்வதும், அவர்களை இலக்காகக் கொண்ட விளம்பரமும் விதிவிலக்குகள் நீங்கலாகத் தடை செய்யப்பட்டுள்ளன. மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம். ஒரே போனைத் தாயும் பிள்ளையும் பயன்படுத்தும் வீடுகளில் இந்தக் கடைசி விதியை எப்படி நிறைவேற்றப்போகிறார்கள் என்பதுதான் உண்மையான சோதனை.

நான் பேசியதைப் போன் ஒட்டுக் கேட்டு விளம்பரம் காட்டுகிறதா?

உலாவியில் ஒரு தளம் மைக்கைப் பயன்படுத்த வேண்டுமானால் உங்கள் அனுமதி வேண்டும். செயலிகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட முடிவில், ரகசியமாக ஒலிப்பதிவு அனுப்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் சில செயலிகள் திரையில் நடப்பதைப் படம்பிடித்து அனுப்பியது தெரியவந்தது. நீங்கள் பேசிய பொருளை அதே வைஃபையில் உங்கள் வீட்டார் ஒருவர் தேடியிருக்கலாம். கேட்காமலேயே இவ்வளவு சரியாக ஊகிக்க முடிகிறது என்பதுதான் அதிகக் கவலை தர வேண்டிய செய்தி.

எல்லோரும் தடுத்துவிட்டால் இலவசமாகச் செய்தி தரும் தளங்கள் எப்படிப் பிழைக்கும்?

நேர்மையான கேள்வி, எழுதுபவருக்கும் செய்தி சேகரிப்பவருக்கும் ஊதியம் போய்ச் சேர வேண்டும். ஆனால் விளம்பரம் வேறு, பின்தொடர்தல் வேறு. பக்கத்தின் பொருளைப் பார்த்துப் போடும் விளம்பரத்துக்கு எவருடைய நாட்குறிப்பும் தேவையில்லை. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.பி.ஓ. 2020 தொடக்கத்தில் பின்தொடர் விளம்பரத்தைக் கைவிட்டுப் பொருள் சார்ந்த விளம்பரத்துக்கு மாறியது. இடைத்தரகர்களுக்குப் போன பங்கு மிச்சமாகி, அடுத்த மாதங்களில் வருமானம் கூடவே செய்தது. பெரிய வாசகர் கூட்டம் உள்ள நிறுவனத்துக்குக் கைகூடியது சிறு தளத்துக்கும் அதே அளவில் கைகூடும் என்று சொல்ல மாட்டேன். தடுப்பானைப் பயன்படுத்துபவர்கள், தாங்கள் விரும்பிப் படிக்கும் சிறு தளத்துக்குச் சந்தா கட்டினால் நல்லது.

இன்றைக்கு நான் செய்ய வேண்டியது என்ன?

முதலில் உலாவியின் இயல்பு அமைப்பை மாற்றுங்கள், மற்றவை பிறகு. குரோமிலேயே தொடர விரும்பினால், மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு அமைப்புகளுக்குப் போய், தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதியில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் தேர்வை வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸாக இருந்தால் தனியுரிமைப் பகுதியில் பின்தொடர் பாதுகாப்பைக் 'கடுமை' என்ற நிலைக்கு மாற்றி, என் தகவலை விற்கவோ பகிரவோ வேண்டாம் என்று தளங்களிடம் சொல்லும் பெட்டியிலும் டிக் போடுங்கள். முகவரிப் பட்டையின் இடப்புறம் தெரியும் கேடயக் குறியைத் தொட்டால், அந்தப் பக்கத்தில் யார் யார் தடுக்கப்பட்டார்கள் என்ற பட்டியலையே பார்க்கலாம். நீங்கள் தினமும் படிக்கும் தளத்தில் அதை ஒரு முறை பாருங்கள். ஐபோன் பயனர்களுக்கு சஃபாரியில் தடுப்பு ஏற்கெனவே இயங்குகிறது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுங்கள். அது உலாவிக்கு அல்ல, செயலிகளுக்கானது.

இவற்றைச் செய்த பிறகு எப்போதாவது ஒரு தளம், குறிப்பாக வேறொரு நிறுவனத்தின் கணக்கு வழியாக உள்நுழையும் தளம், சரியாக இயங்காமல் போகலாம். அப்போது தடுப்பை முழுவதுமாக எடுத்துவிட வேண்டாம். முகவரிப் பட்டையில் உள்ள குறியைத் தொட்டு அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் விலக்கை நீக்கிவிடுங்கள்.